நாளை வீட்டில் யாரும் இருக்க மாட்டோம்

பெயர்: அடையாள அட்டையில் உள்ளபடி. எல்லோரும் கூப்பிடுவது டென்ஸ் டீச்சர்.
வயது: 49
தொழில்: பெரியவர்களுக்கு ஆங்கில வகுப்பு நடத்துவது
முகவரி: சலவைக்கடைக்கு மேல் இரண்டாம் மாடி. வகுப்பு நடப்பது அதே கட்டடத்தின் முதல் மாடி.
பதிவு தொடங்கிய நேரம்: வியாழக்கிழமை, பிற்பகல் 2.40

நான் மேற்கண்ட முகவரியில் என் தம்பியுடன் வசித்து வருகிறேன். எங்கள் இருவருக்கும் திருமணம் ஆகவில்லை. தம்பிக்கு வயது 41. வீடு வீடாகப் போய் வாட்டர் பில்டர் பழுது பார்ப்பது அவன் வேலை. கடந்த சனிக்கிழமை இதே காவல் நிலையத்தில் நான் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் ஒரு விஷயத்தை உண்மைக்கு மாறாகச் சொன்னேன். அதைச் சரி செய்ய, யாரும் அழைக்காமல் நானே இன்று வந்திருக்கிறேன். என்னிடம் படிக்கும் நர்ஸ், நாங்கள் சிஸ்டர் என்று கூப்பிடுபவர், நாளை காலை ஒன்பது மணிக்கு வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். அவருடைய பாஸ்போர்ட்டும் ஹால் டிக்கெட்டும் இங்கே பிடித்து வைக்கப்பட்டுள்ளன. நாளை எழுதாவிட்டால் அவருக்கென்று வைத்திருக்கும் வேலை வேறொருவருக்குப் போய்விடும். இரண்டு வருடம் அவர் படித்தது அதற்காகத்தான்.

என் வகுப்பு மாலை ஐந்து மணி முதல் ஆறரை வரை. மொத்தம் ஏழு பேர். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். நான் சொல்லித் தருவது பெரும்பாலும் காலங்கள்தான். இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று தமிழில் தடுக்காமல் பேசுகிறவர்கள் ஆங்கிலத்தில் வந்து விழுவது இந்த இடத்தில்தான். 'டிட்' போட்ட பிறகு 'வென்ட்' போடுவார்கள். 'யெஸ்டர்டே' என்று தெளிவாகச் சொல்லிவிட்டு 'ஹேவ் சீன்' என்பார்கள். 'ஐ ஆம் நோயிங்' என்று சொல்பவரைப் பார்த்தால் எனக்குத் தலை கிறுகிறுக்கும். ஆய்வாளர் இதெல்லாம் வழக்குக்குத் தேவையில்லை என்று சொன்னார். தேவை இருப்பதால்தான் சொல்கிறேன் என்று நான் சொன்னேன்.

என் வகுப்பில் ஒரு விதி உண்டு. ஒவ்வொருவரும் தினமும் பத்து வாக்கியம் எழுதி வர வேண்டும். நேற்று செய்தது நான்கு, இப்போது செய்துகொண்டிருப்பது மூன்று, நாளை செய்யப்போவது மூன்று. எல்லாம் அவரவர் வாழ்க்கையில் உண்மையாக நடப்பதாக இருக்க வேண்டும். கற்பனையாக எழுதினால் வினைச்சொல் மனதில் ஒட்டாது என்பது என் அனுபவம். நோட்டுகளை வகுப்பு முடிந்ததும் வாங்கி, அகலமான ரப்பர் பட்டையால் இரண்டு சுற்றுச் சுற்றி, பையில் போட்டு மாடிக்குக் கொண்டு போய்த் திருத்தி, மறுநாள் மாலை திருப்பித் தருவேன். வினைச்சொல் சரியா தப்பா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். யார் எங்கே போகிறார், எப்போது திரும்புகிறார் என்று ஒரு நாளும் கவனித்ததில்லை. இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான்.

அதன் பிறகு, சென்ற மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை, என் மாணவியான தையல்காரம்மா வீட்டில் திருட்டுப் போனது. கைக்கடிகாரமும் மகளுடைய லேப்டாப்பும் காணவில்லை. பூட்டு உடைக்கப்படவில்லை. செருப்பு அலமாரியில் ஒளித்து வைத்திருந்த மாற்றுச் சாவியை எடுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் அதே இடத்தில் திரும்ப வைத்திருந்தார்கள். பதினாறு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, கண்ணாடிக்கடைக்காரர் வீட்டிலும் அதே மாதிரி நடந்து ஒரு கேமரா போனது. அவரும் என் மாணவர். அவர் தானே எடுத்து ஒளித்து வைத்துவிட்டு நாடகம் ஆடுகிறார் என்று நான் முதலில் சந்தேகப்பட்டேன். அதை வகுப்பிலேயே சொல்லியும் விட்டேன். அவர் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை.

அதன் பிறகு இந்த நிலையத்து ஆய்வாளர் வகுப்புக்கு வந்து நோட்டுகளை வாங்கிப் பார்த்தார். இரண்டு திருட்டுக்கும் முந்தைய நாள் அவர்கள் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார். நாளை வீட்டில் யாரும் இருக்க மாட்டோம், மதியம் வரை மகளின் பள்ளியில் இருப்போம் என்று தையல்காரம்மா எழுதியிருந்தார். கண்ணாடிக்கடைக்காரரும் ஏறக்குறைய அதையே எழுதியிருந்தார். இரண்டு இடத்திலும் என் சிவப்பு மையில் 'வெரி குட்' இருந்தது. ஆய்வாளர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு உடம்பு கூசியது.

சிஸ்டர் மேல் சந்தேகம் விழுந்ததற்குக் காரணம், அவர் தையல்காரம்மா பக்கத்தில் உட்காருபவர் என்பதும், அந்த இரண்டு காலையும் அவர் மருத்துவமனையில் இல்லை என்பதும். ஆனால் நோட்டில் டியூட்டிக்குப் போனேன் என்று எழுதியிருந்தார். கேட்டதற்கு, மார்க்கெட் பக்கத்து இன்ஸ்டிட்யூட்டில் காலை வகுப்புக்குப் போயிருந்ததாகச் சொன்னார். அங்கே இருக்கும் மாஸ்டர், போலீஸ் வம்பு எதற்கு என்று, அப்படி யாரும் வருவதில்லை என்று கைவிரித்துவிட்டார். அதற்காகத்தான் சனிக்கிழமை என்னை அழைத்தார்கள். உங்கள் மாணவி வேறு வகுப்புக்குப் போயிருக்க வாய்ப்புண்டா என்று ஆய்வாளர் கேட்டார். "என்கிட்ட படிக்கிறவங்களுக்கு வேற வகுப்பு தேவையே இல்ல" என்று நான் சொன்னேன். அது பொய். அவர் அங்கே போவது எனக்கு முன்பே தெரியும். ஒரு மாதம் முன்பு அவருடைய நோட்டுக்குள் அந்த இன்ஸ்டிட்யூட் முத்திரை போட்ட ஒரு பயிற்சித் தாள் மடித்து இருந்தது. 'பேச்சுப் பயிற்சி' என்று மேலே அச்சிட்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. நான் அதை அவரிடம் திருப்பித் தராமல், ஏன் என்றும் கேட்காமல், என் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். நான் பொய் சொன்ன சனிக்கிழமை முதல் சிஸ்டரை தினமும் காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லி, மாலை வரை இங்கே தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள்.

மேற்படி பயிற்சித் தாளை இன்று ஆய்வாளரிடம் ஒப்படைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல தேதியும் இல்ல, பேரும் இல்ல. எந்தக் குப்பைத்தொட்டியில இருந்து வேணா எடுத்துட்டு வரலாம் டீச்சர். வேற ஆள் கையில கிடைக்கிற வரைக்கும் இவங்கள விட முடியாது" என்றார். நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனேன். நேரம் 3.25. அதுவரை பதிவானது மேலே உள்ளது.

தாழ்வாரத்தில் சிஸ்டர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, மடியில் வைத்திருந்த தாளைப் பார்த்து வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வகுப்பில் எழுந்து நிற்பது போல எழுந்து நின்றார். "எனக்காகவா டீச்சர் வந்தீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நீங்க வருவீங்கன்னு தெரியும்" என்றார். நான் தண்ணீர் குடிக்கவில்லை. உள்ளே திரும்பி வந்து மீதியையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். நேரம் 3.40.

சனிக்கிழமை வாக்குமூலம் கொடுத்து வீட்டுக்குப் போன பிறகு எனக்கு நிம்மதி இல்லை. நான் இயல்பாகவே சந்தேகக்காரி. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். திங்கட்கிழமை மாலை வகுப்பு முடிந்து நோட்டுகளை வழக்கம்போல் இரண்டு சுற்றுக் கட்டி வைத்தேன், அன்றிரவு திருத்தவில்லை. மறுநாள் காலை பார்த்தபோது ரப்பர் பட்டை ஒரு சுற்றுத்தான் இருந்தது. வகுப்பு முடிந்து மாடிக்குப் போகும் முன், பையைக் கீழே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் வைத்துவிட்டு மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். ஆகவே ஜெராக்ஸ் கடைக்காரர் மேல் சந்தேகம் வந்தது. சலவைக்கடைக்காரர் மேலும் வந்தது, அவர் எல்லோரிடமும் அளவுக்கு மீறிச் சிரிப்பவர். என் தம்பி மேல் வரவில்லை. அவனுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதற்கு நானே சாட்சி. ஆறு வருடம் சொல்லிக் கொடுத்தும் 'ஐ ஆம் கோ' என்பதைத் தாண்டி அவன் வாயில் எதுவும் வந்ததில்லை. வாயைத் திறக்கும்போதெல்லாம் திருத்தினேன். வீட்டுக்கு வருபவர்கள் முன்னால் அவனைச் சொல்லச் சொல்லிச் சிரித்ததும் உண்டு.

அதன் பிறகு, செவ்வாய்க்கிழமை மாலை, நான் ஒரு புது நோட்டு வாங்கி, அதன் அட்டையில் என் தோழியான ஓய்வுபெற்ற நூலகரின் வீட்டு முகவரியை எழுதினேன். அவர் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். செடிக்குத் தண்ணீர் ஊற்ற அவர் வீட்டுச் சாவி ஒன்று என்னிடம் இருக்கிறது. நோட்டில் கையெழுத்தை மாற்றி, புதிதாக வகுப்பில் சேர்ந்தவர் எழுதுவது போல் பத்து வாக்கியம் எழுதினேன். நாளை காலை ஒன்பது முதல் மாலை வரை நான் வெளியே இருப்பேன் என்பது எட்டாவது வாக்கியம். நம்பிக்கை வருவதற்காக இரண்டு இடத்தில் வேண்டுமென்றே தப்பு எழுதி, நானே சிவப்பு மையில் திருத்தினேன். பிறகு மற்ற நோட்டுகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி, பையை ஜெராக்ஸ் கடையில் வேண்டுமென்றே அரை மணி நேரம் விட்டுவிட்டு எடுத்து வந்தேன். ஜெராக்ஸ் கடைக்காரர் மாட்டிக்கொள்வார் என்று எனக்குள் ஒரு குஷி கூட இருந்தது.

நேற்று புதன்கிழமை காலை எட்டே முக்காலுக்கு நூலகர் வீட்டுக்குப் போய், உள்ளே தாழ்ப்பாள் போடாமல் பூட்டிக்கொண்டு, சமையலறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அந்த வீட்டு மாற்றுச் சாவி வாசலில் மீட்டர் பெட்டிக்கு மேல் இருக்கும். பத்து நாற்பதுக்கு மீட்டர் பெட்டியின் தகரம் சத்தம் போட்டது. பிறகு பூட்டில் சாவி திரும்பியது. உள்ளே வந்தவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். திருட வருகிறவர் செருப்பைக் கழற்றுவாரா என்று நினைத்தேன். அப்போது இருமல் கேட்டது. அந்த இருமலை நான் நாற்பது வருடமாகக் கேட்டு வருகிறேன்.

நான் கூடத்துக்கு வந்தபோது என் தம்பி கம்பெனி சட்டையோடும் நீலக் கருவிப் பெட்டியோடும் நின்றுகொண்டிருந்தான். அந்த வீட்டு பில்டரை அவன்தான் சர்வீஸ் செய்வது. தையல்காரம்மா வீட்டிலும் கண்ணாடிக்கடைக்காரர் வீட்டிலும் அவன்தான். என் மாணவர்கள் என்பதால் நானே அவனைச் சிபாரிசு செய்தேன். சாவி எங்கே இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அந்தச் சட்டையோடு மாடி ஏறினால் அக்கம்பக்கத்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

"உனக்குத்தான் இங்கிலீஷ் வராதேடா" என்று கேட்டேன். வேறு கேள்வி எனக்கு வாயில் வரவில்லை. "படிக்க வரும்க்கா. உன் நோட்டெல்லாம் படிச்சுப் படிச்சே வந்துடுச்சு. பேசத்தான் வராது. பேசினா நீ திருத்துவே" என்று சொன்னான். எதற்காக எடுத்தாய் என்று கேட்டதற்கு, தனியாக ஓர் அறை பார்த்துப் போய்விட நினைத்ததாகச் சொன்னான். சிஸ்டர் இங்கே உட்கார்ந்திருப்பது தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றான், தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அவன் மேல் வந்த கோபத்தை விட என் மேல் வந்த கோபம் பெரிது. அதை எப்படி எழுதிக்கொள்வது என்று ஆய்வாளர் கேட்டார். சொன்னபடியே எழுதச் சொன்னேன்.

இருவரும் அந்த வீட்டைப் பூட்டிவிட்டு ஒன்றாக நடந்து திரும்பினோம். நேற்று மாலை நான் வகுப்பு எடுக்கவில்லை. நேற்று காலை பத்து நாற்பதுக்கு சிஸ்டர் இந்த நிலையத்துப் பெஞ்சில் இருந்தார் என்பதை இங்குள்ள பதிவேடே காட்டும். கடிகாரமும் கேமராவும் தம்பியின் கட்டிலுக்கு அடியில், நீலப் பெட்டியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. லேப்டாப்பும் அங்கேயே ஒரு துண்டில் சுற்றி இருக்கிறது. இன்று காலை என் கண்ணால் பார்த்தேன். மேற்படி புது நோட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

இந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன் சிஸ்டருடைய பாஸ்போர்ட்டையும் ஹால் டிக்கெட்டையும் என் கண்முன் அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். ஆய்வாளர் மேலிடத்துக்கு போன் செய்து பேசிவிட்டு 4.35 மணிக்குக் கொடுத்தார். சிஸ்டர் அவற்றை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எனக்கு நன்றி சொன்னார். யார் மாட்டியிருக்கிறார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சனிக்கிழமை நான் என்ன சொன்னேன் என்பதையும் அவரிடம் யாரும் சொல்லவில்லை. அதை நானே சொல்ல வேண்டும்.

இன்று மதியம் புறப்படும்போது, அந்த ஒரு தாளை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன், உன்னைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன் என்று என் தம்பியிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவன் நம்பினான். இப்போது வீட்டில்தான் இருக்கிறான். ஓட மாட்டான். கதவை உடைக்க வேண்டாம். மணியை இரண்டு முறை விட்டு விட்டு அடித்தால் அக்கா வந்துவிட்டாள் என்று அவனே வந்து திறப்பான்.

மேலே உள்ளது முழுவதும் என் வாயால் சொன்னது. யாரும் மிரட்டவில்லை, யாரும் ஆசை காட்டவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். அனைத்தும் உண்மை.

(கையொப்பம்)
டென்ஸ் டீச்சர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. நேரம் மாலை 4.50.
ஆய்வாளர்