நூற்றுப் பன்னிரண்டாவது பெயர்

லேகா மேடம், ஹெட் ஆபீசிலிருந்து நீங்கள் கேட்ட குறிப்பை மலையாளத்தில் மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். எழுதுவது எனக்குக் கஷ்டமான காரியம் இல்லை. இந்த ரப்பர் கையுறை கம்பெனியில் பதினோரு வருஷமாகத் தொழிலாளர் நல அதிகாரி. கடிதமும் ரிப்போர்ட்டும் எழுதுவதுதான் என் பிழைப்பு. ஆனால் மலையாளத்தில் பேனாவை வைத்தால் கை தானாகவே ரிப்போர்ட் எழுதத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் நாகர்கோவில்காரர், நான் பாறசாலைக்காரன். வீட்டில் பேசுகிற பாஷையில் எழுதினால் முடித்துவிடலாம் என்று தோன்றுகிறது. சீக்கிரம் முடிந்தால் தேவலை, நாற்காலியில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை.

தொழிலாளர்கள் தாங்களாகவே முன்வந்து ஊருக்கு வேலை செய்கிற பழக்கம் இங்கே எப்படி வேர் பிடித்தது, மற்ற இரண்டு யூனிட்டிலும் அதைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். நம் பக்கத்தில் இது புதிதல்ல. சிரமதானம் என்றால் எல்லோருக்கும் தெரியும். ரோடு வெட்டவும் கோயில் குளம் வாரவும் சர்ச்சுக்குக் கல் சுமக்கவும் ஆள் கூடுவார்கள். வேலை முடிந்தால் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள். அதைக் கம்பெனி கேட்டுக்குள் கொண்டுவந்தேன், அவ்வளவுதான். தொண்ணூற்று நாலில் தொடங்கினோம். மாதத்தின் இரண்டாம் சனி எங்களுக்கு லீவு. அன்றைக்கு ஏதாவது ஒரு பள்ளிக்கூடம் அல்லது பஞ்சாயத்து ரோடு. முதல் மாதம் ஒன்பது பேர் வந்தார்கள்.

அந்த ஒன்பதில் முதல் ஆள் ஜெயதாஸ், பாக்கிங் பகுதி சூப்பர்வைசர். நானும் அவனும் ஒரே சர்ச்சில் வளர்ந்தவர்கள், கொயரில் தோளுக்குத் தோள் நின்று பாடியவர்கள். மண்வெட்டியைக் கையில் எடுத்தால் அவனுக்கு வாய் சும்மா இருக்காது. "எலே மணி, ஒனக்கது பேனா பிடிச்ச கையாக்கும். அங்ஙன மாறி நில்லு, காலுல வெட்டிப்போடாத" என்பான். ஞானசிகாமணி என்கிற என் முழுப்பெயரை அவன் ஒருநாளும் சொன்னதில்லை. ஊருக்கு வேலை செய்வது அவனுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. எனக்கு எண்ணிக்கை பிடித்திருந்தது.

எண்ணிக்கையைக் கூட்டியது பலகைதான். பஞ்சிங் மெஷினுக்கு மேலே மாட்டினேன். நூற்றுப் பன்னிரண்டு பேருடைய பெயரும் அதில் உண்டு. ஒரு தடவையாவது வந்தவர் பெயருக்கு நேரே ஒரு நீலப் புள்ளி. நான் யாரையும் வா என்று கூப்பிட்டதே இல்லை, இதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் யூனியன் வரும். ஒரு பலகையை எதிர்த்து யாராலும் கொடி பிடிக்க முடியாது. கூடவே ஒரு சின்ன ஏற்பாடும் செய்தேன். எந்தப் பகுதியில் எல்லோருக்கும் நீலப் புள்ளி இருக்கிறதோ, அந்தப் பகுதிக்கு ஓண வாரத்தில் லீவு நாளை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை. அதன்பிறகு ஏன் வரவில்லை என்று கேட்கிற வேலையைப் பக்கத்தில் நிற்கிறவர் பார்த்துக்கொண்டார்.

இரண்டே வருஷத்தில் நூற்றுப் பதினொன்று ஆயிற்று. மிச்சம் ஒரே ஒரு ஆள், ரப்பர் பால் கலக்கும் பகுதியில் வேலை பார்த்த பொன்னப்பன். நல்ல வேலைக்காரன், நாற்பத்தைந்து வயது, எதற்கும் சிரிப்பான். ஒருநாள் காண்டீனில் எல்லோர் முன்னாலும் சொன்னான். "சாரே, ஆறு நாளு கம்பெனிக்கு. ஞாயிறாழ்ச எனக்க பெண்டாட்டிக்கு. மாசத்துல இந்த ரெண்டாம் சனி ஒண்ணாக்கும் எனக்குள்ளது. ரக்தம் வேணுமா, எடுத்துக்கிடுங்க. சனிக்கிழமைய மட்டும் தரமாட்டேன், கேட்டியளா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குத் தொடங்கி அவனைக் கண்டாலே எனக்கு எரிச்சல். அவன் பெயருக்கு நேரே இருந்த அந்த வெற்றிடம், தினமும் காலையில் நான் உள்ளே வரும்போது முதலில் கண்ணில் படும். சில நாள் பின்வாசல் வழியாக வந்தேன்.

தொண்ணூற்றாறு ஓணத்துக்கு அவனால் அவன் பகுதிக்கு லீவு கடைசியாகத்தான் கிடைத்தது. ஸ்ரீகுமாரி என்று ஒரு பெண், அதே பகுதிதான். அம்பூரியில் அவளுடைய அக்கா மகள் கல்யாணத்துக்குப் போக முடியாமல் போயிற்று. மத்தியானம் சாப்பிடும்போது பாத்திரத்தைத் திறந்து கறியை ஒருவருக்கொருவர் கொடுப்பது அங்கே வழக்கம். அந்த ஓணத்துக்குப் பிறகு கறி பொன்னப்பனைத் தாண்டிப் போகத் தொடங்கியது. யாரும் அவனிடம் சண்டை போடவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை என்பதுதான் விஷயம். ஜன்னலில் நின்று பார்த்தேன். வெறுஞ்சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான். பழக்கம் நன்றாக வேர் பிடித்துவிட்டது என்று டைரியில் எழுதினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இந்த வருஷம் ஏப்ரல் பத்தாம் தேதி, வியாழக்கிழமை, என் அறைக்கு வந்தான். சிரிக்கவில்லை. "எனக்க பேரையும் எழுதுங்க சாரே. ஒருத்தரும் மொகத்தப் பாக்கல்ல. ஏழு மாசமாச்சு. தின்னது தொண்டையில எறங்கல்ல" என்றான். சொந்த விருப்பத்தின் பேரில் வருகிறேன் என்ற தாளை நீட்டினேன். வாசிக்காமலே கையெழுத்துப் போட்டான்.

இந்த இடத்தில் எழுந்து வராந்தாவில் நாலு தடவை நடந்துவிட்டு வந்தேன். தொடருகிறேன்.

பன்னிரண்டாம் தேதி இரண்டாம் சனி. திருப்புறம் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். கோடை லீவு, கிணறு வற்றிக் கிடந்தது. மழைக்கு முன்னால் சேறு வாரிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தோம். பத்து மணிக்கு எம்.டி. வருவார், பத்திரிகைப் படம் எடுக்க ஆள் வரும், நூற்றுக்கு நூறு என்று அங்கே அறிவிக்க வேண்டும்.

எனக்குக் கிணற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று கம்பெனியில் எல்லோருக்கும் எண்ணம். என் அப்பா ஈசாக் கிணறு வெட்டித்தான் என்னைத் தனுவச்சபுரத்துக்கு பஸ் ஏற்றிப் படிக்க அனுப்பினார். இதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை, ஜெயதாஸுக்கு மட்டும் தெரியும். பழைய கிணற்றில் ஆள் இறங்குவதற்கு முன்னால் வாளியில் விளக்கு வைத்து இறக்கிப் பார்க்க வேண்டும். விளக்கு அணைந்தால் அடியில் கெட்ட காற்று நிற்கிறது என்று அர்த்தம். இலையோடு மரக்கொப்புகளைக் கயிற்றில் கட்டி, மேலும் கீழுமாக அடித்துக் காற்றைக் கலக்க வேண்டும். மறுபடியும் விளக்கு. அது எரிந்தால்தான் ஆள்.

ஆறரை மணிக்கே தனியாகப் போய் விளக்கு இறக்கினேன். பாதிக்குக் கீழே போனதும் அணைந்தது. மேலே தூக்கி, மறுபடியும் கொளுத்தி இரண்டாம் தடவை இறக்கினேன். அதே ஆழத்தில் அணைந்தது. காற்றடித்து அணைந்திருக்கும் என்று இந்த ஏழு மாதமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குக் காற்று இல்லை. பள்ளிக்கூடத்து வாழையில் ஓர் இலை அசையவில்லை.

நிறுத்தியிருக்கலாம். கொப்பு கட்டிக் கலக்கினால் அரை நாள் ஆகும், ஒருவேளை மறுநாளுக்கும் போகும். எம்.டி. வந்து வெறுங்கிணற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். அதைவிட, பொன்னப்பனை வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினால் மனசு மாறிவிடுவான். திங்கட்கிழமை மறுபடியும் சிரித்துக்கொண்டு வந்து நிற்பான். அதை என்னால் சகிக்க முடியாது என்று தோன்றியது. நான் கோபக்காரன் இல்லை, யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இறங்குகிறவர்களின் பட்டியலை முந்தின நாளே எழுதிவிட்டேன் என்று போலீசில் சொன்னேன். அது பாதிதான் சரி. முந்தின நாள் எழுதியதில் முதல் பெயர் ஜெயதாஸ். விளக்கு இரண்டாம் தடவை அணைந்த பிறகு, கிணற்றுச் சுவரில் தாளை வைத்து, ஜெயதாஸ் பெயரை அடித்துவிட்டுப் பொன்னப்பன் என்று எழுதினேன். கடைசியாக வந்தவனுக்கு முதல் மரியாதை என்று எல்லோரிடமும் சொன்னேன். கை தட்டினார்கள். ஜெயதாஸை இன்றைக்குக் காப்பாற்றிவிட்டோம் என்றுகூட எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது.

ஒன்பதே காலுக்கு இறங்க ஆயத்தமானார்கள். ஜெயதாஸ் வழக்கம்போல் என் பக்கத்தில் வந்து, "எலே மணி, வெளக்கு எறக்கிப் பாத்தியா?" என்று கேட்டான்.

"பாத்தேன். நல்லா எரிஞ்சுது" என்றேன்.

அவன் தலையாட்டினான். கிணறு வெட்டுகாரர் மகன் சொல்லும்போது வேறு யாரைக் கேட்பான்?

பொன்னப்பன் அன்றைக்குப் பழைய ஆளாகிவிட்டிருந்தான். கயிற்றைப் பிடித்துக்கொண்டே, "சாரே, கேறி வந்த ஒடனே புள்ளி வச்சிரணும். திங்களாழ்ச எனக்கு ஸ்ரீகுமாரிக்க மீன்கறி வேணுமாக்கும்" என்றான்.

"மொதல்ல சேற வாரிக்கிட்டு வாரும் அண்ணே. நெத்தோலி வச்சுக் கொண்டு வாறேன்" என்றாள் ஸ்ரீகுமாரி. ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் அவனிடம் பேசியது அதுதான். அவன் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கல்லில் கால் வைத்து இறங்கினான். பாதி தாண்டும்வரை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனான். பிறகு பாட்டு நின்றது. தொப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"பொன்னப்பா, எலே மக்கா" என்று எல்லோரும் குனிந்து கூப்பிட்டார்கள். பதில் இல்லை. ஸ்ரீகுமாரி தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். ஜெயதாஸ் சட்டையைக் கழற்றி என் கையில் தந்தான்.

"மணி, காத்து நல்லதுதானாக்கும்? செரியா சொல்லு."

நான் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று எழுதினால் பொய். ஓர் ஆள் செத்தால் விபத்து. நான் இப்போது வாயைத் திறந்தால் அது வேறொன்று. என் வேலை போகும், ஜெயிலுக்குப் போவேன், என் பிள்ளைகளை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதெல்லாம் அந்த ஒரு நொடிக்குள் வரிசையாக ஓடியது. ஜெயதாஸ் கிணற்றுச் சுவரில் ஒரு காலைப் போட்டுக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவளுக்கு ஞானஸ்நானத் தகப்பன் நான்.

"காத்துக்கு ஒண்ணுமில்ல. வழுக்கி விழுந்திருப்பான்" என்றேன்.

தீயணைப்புப் படை வந்து இரண்டு பேருடைய உடலையும் மேலே எடுக்கும்போது பதினொன்றரை. விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, பாவம் சார், கண்ணெதிரே கூட்டாளி போய்விட்டான் என்றார்கள். திங்கட்கிழமை காலையில் மெஷினுக்கு மேலே ஏறி, பொன்னப்பன் பெயருக்கு நேரே நீலப் புள்ளியை நானே வைத்தேன். அவன் வந்தது உண்மைதானே. அதற்குப் பிறகு வருகை குறையவில்லை, மேடம், கூடித்தான் இருக்கிறது. செத்தவர்கள் நினைவாக வருகிறோம் என்கிறார்கள். ஸ்ரீகுமாரி ஒரு மாதம்கூடத் தவறுவதில்லை. மத்தியானம் மட்டும் அவள் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

நான் இதை எழுத வந்ததற்குக் காரணம் உங்கள் கடிதம் இல்லை. முந்தாநாள் ஜெயதாஸின் மனைவி கிருபாபாய் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஏழு மாதமாக ஒரே கேள்விதான் அவளைத் தின்றுகொண்டிருக்கிறது என்றாள்.

"எனக்க புள்ளியள ஒரு நிமிசம் நெனைக்காம அவிய எறங்கிட்டாவளே அண்ணே. எனக்கு அவியமேல அரிசமும் கோவமுமா வருது. ராத்திரி படம் பாத்து ஏசுதேன். அத்தன பேரு நிண்ணியளே, ஒருத்தரும் வேண்டாமுன்னு சொல்லல்லியா?"

நான் சொன்னேன் என்றேன். வேண்டாம் தாசே என்று கையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டு இறங்கிவிட்டான், கடைசியில் பிள்ளைகளின் பெயரைத்தான் சொன்னான் என்றேன். சொல்லும்போது எனக்கே அழுகை வந்தது. அவள் என் வலது கையை இரண்டு கையாலும் எடுத்து, கண்ணில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். "ஒங்க ஒருத்தருக்காவது தோணிச்சே அண்ணே. கர்த்தர் ஒங்களுக்கு நல்லது செய்வாரு" என்றாள். போகும்போது அவள் முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

ஜெயதாஸின் கையை நான் பிடிக்கவே இல்லை. கிருபாபாய் கண்ணில் ஒற்றிக்கொண்ட இந்தக் கையால் அவன் வெறும் முதுகில் தட்டி, சீக்கிரம் இறங்கு என்று சொன்னேன். அதை அவளிடம் சொன்னால் தாங்கமாட்டாள். அவளுக்காகத்தான் இத்தனை நாளும் நான் வாயைத் திறக்கவில்லை.