புருவத்துக்கு நடுவுல

ஜெரோம்: என் நெத்தியில ஏதாவது ஒட்டிகினு கீதாங்க?

ஜாய்ஸ்: இல்லியே... ஏன்?

ஜெரோம்: பேசிட்டு வாங்கன்னு நம்மள மொட்டை மாடிக்கு அனுப்பினதுலேர்ந்து அங்கயே பாக்குறீங்க.

ஜாய்ஸ்: ...சாரி.

ஜெரோம்: இன்னாத்துக்கு சாரி? பொண்ணு தலை குனியாம நேரா பாக்குதுன்னு எங்க ஹெலன் அக்காவுக்கு ஒரே சந்தோஷம். ரிசப்ஷன்ல நிக்கிறவனுக்கு ஏத்த ஜோடியாம்.

ஜாய்ஸ்: மாமல்லபுரம் ரிசார்ட்டுதானே?

ஜெரோம்: ஆமா. செங்கல்பட்டுலேர்ந்து டெய்லி பஸ்ஸு. வர்றவன் போறவனுக்கெல்லாம் பல்லு காட்டிகினு நிக்கணும். வூட்டுக்கு வந்தா தாடை வலிக்கும்.

ஜாய்ஸ்: எனக்கும் வலிக்கும்.

ஜெரோம்: சிறுசேரியில கம்ப்யூட்டரப் பாத்து எதுக்குங்க சிரிக்கிறீங்க?

ஜாய்ஸ்: லஞ்ச்ல... எல்லாரும் சிரிப்பாங்கல்ல. நானும் சிரிக்கணும்.

ஜெரோம்: ஜோக்கு புரியலன்னாலும்?

ஜாய்ஸ்: புரியலன்னாதான் ரொம்ப சிரிக்கணும்.

ஜெரோம்: இது நல்லா கீதே... இருங்க, கீழ யாரோ அழுவுற மாதிரி இல்ல?

ஜாய்ஸ்: மிக்ஸி.

ஜெரோம்: கேளம்பாக்கத்துல மிக்ஸி அழுவுமா?

ஜாய்ஸ்: ...மிக்ஸி போட்டதால அழுவுறான். என் தம்பி. சாம்.

ஜெரோம்: தம்பியா? உங்கப்பா ஒரே பொண்ணுன்னாரே...

ஜாய்ஸ்: நீங்க போற வரைக்கும் கீழ் வூட்ல, அக்தர் பேகம் அக்காவாண்ட வுட்டு வெச்சிருக்கோம். சொல்லக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. அவனுக்கு ஆட்டிசம்.

ஜெரோம்: அப்பிடின்னா புத்தி...

ஜாய்ஸ்: அவனுக்கு எல்லாம் புரியும். பேச்சு வராது. மிக்ஸி சத்தம் நமக்கு சத்தம்தான், அவனுக்கு வலி.

ஜெரோம்: மாத்திரை, ஆஸ்பத்திரின்னு...

ஜாய்ஸ்: வந்துட்டுப் போவ அது ஜுரம் இல்லீங்க. அவன் பொறப்பே அப்பிடி. எல்லாரும் ஒரே மாதிரியும் இல்ல. அவன் கிளாஸ்ல ஒரு பொண்ணு மூச்சு வுடாம பேசிகினே இருக்கும். அதுக்கும் இதேதான்.

ஜெரோம்: உங்களாண்டயும் பேச மாட்டாரா?

ஜாய்ஸ்: கோவளம் கடலாண்ட இட்டுகினு போனா, ஈர மண்ண அள்ளி என் கையில அப்புவான். ரெண்டு பேரும் சும்மா குந்திகினு இருப்போம். எனக்கு கூட ஆளு கீதுன்னு தோணுறது அப்ப மட்டும்தான்.

ஜெரோம்: ஏன், ஆபீஸ்ல எவ்ளோ பேரு...

ஜாய்ஸ்: எவ்ளோ பேரோ கீறாங்க. சாயந்தரம் பஸ் ஏறினா, இன்னிக்கும் யாராண்டயும் பேசலியேன்னு கீது. ரொம்பத் தனியா கீதுங்க.

ஜெரோம்: தம்பி கீறது எங்க அக்காவுக்குத் தெரியாதே.

ஜாய்ஸ்: வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. அம்மா பஜ்ஜி போட்டுகினு இருப்பாங்க.

ஜெரோம்: யாரு வேணாம்னா? தம்பி நம்மளோடயே இருக்கட்டும். ஹெலன் அக்காவாண்ட நான் பேசிக்கிறேன். உங்களுக்கு ஒண்ணும் இல்லியே, அது போதும்.

ஜாய்ஸ்: எனக்கா?

ஜெரோம்: இன்னாங்க, நல்ல சேதி சொன்னா திரும்ப நெத்தியப் பாக்குறீங்க?

ஜாய்ஸ்: நெத்தி இல்ல. புருவத்துக்கு நடுவுல. அங்க பாத்தா, கண்ணப் பாக்குறதா எதிர்ல கீறவங்க நெனச்சிப்பாங்க. சாமுக்கு அவன் கிளாஸ் ஜெசிந்தா மிஸ் சொல்லிக் குடுத்தது. நானும் பக்கத்துல குந்திகினு இருப்பேன்.

ஜெரோம்: அட... தம்பி கத்துகினாரா?

ஜாய்ஸ்: இல்லீங்க. அவன் இன்னிக்கும் சொவரத்தான் பாக்குறான். நான்தான் கத்துகினேன். அதப் பாத்துட்டு மிஸ் என்னையும் டாக்டராண்ட இட்டுகினு போனாங்க. உனக்கும் அதேதாம்மான்னு சொன்னாரு டாக்டரு. வூட்ல எங்கம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்... இப்ப உங்களுக்கு.