சிக்னல் இல்லாத மூன்று நாட்கள்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், ஹென்டர்சன் ஸ்டேஷனில் ரயில் ஏறியதும் முன் இருக்கையிலிருந்து தமிழில் ஒரு பெண் குரல் கேட்டது.

"ஃபியோர்ட்லாந்துக்கு யாராவது இட்லிக் குக்கர் தூக்கிட்டுப் போவாங்களா?"

பக்கத்தில் அவள் கணவர். "பதினாலு பேரு வர்றோம்ல? எல்லாருக்கும் பிரெட்டா குடுக்க முடியும்?"

"பதினாலு பேரா! நீயும் நானும் மட்டும் போறோம்னுதானே சொன்னீங்க? இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷத்துல முதல் தடவையா."

"கூட்டமாப் போனாதாம்மா ஜாலி."

"மலையெல்லாம் நேரா கடல்ல இறங்கும், மழைக்காடு, பறவைச் சத்தத்தத் தவிர வேற சத்தமே இருக்காதுன்னு படம் படமா அனுப்பினது யாரு? அங்க வந்தும் உங்க ஃப்ரெண்ட்ஸ் வீட்டு லோன், மார்ட்கேஜ்னு பேசுறதக் கேக்கணுமா?"

என் மகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். விழித்து அழுதால் அவர்கள் திரும்பிப் பார்ப்பார்களே என்று பயந்தேன். ஒட்டுக்கேட்பது தப்பு என்றும் தெரிந்தது; ஆனாலும் இடம் மாறவில்லை.

அவர் குரலைத் தாழ்த்தினார். "அங்க சிக்னலே கிடையாது. மூணு நாள் நீயும் நானும் மட்டும் என்னத்தப் பேசுறது?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரி, நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் வரல."

அவர் பதறிவிட்டார். "ஐயோ, அப்ப சமையலுக்கு என்ன பண்றது?"

"அவ்வளவு பெரிய காடு. எதையாவது புடுங்கித் தின்னுங்க."