ஆயில் குறையாத வண்டி

ரைட்டர் எனக்குத் தர வேண்டியிருந்தது நாற்பத்தோராயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். கூட்டிப் பார்த்தது நான்தான். மூன்று தடவை கூட்டினேன், மூன்று தடவையும் அதே தொகைதான் வந்தது.

அந்த டேப் துண்டு என் நோட்டுக்குள் எப்படி வந்தது என்று ஸ்டேஷனில் கேட்டீர்கள், ஐயா. வாயால் சொன்னால் முன்னுக்குப் பின் ஆகிவிடும், எழுதியே தருகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். நாற்பத்தாறு வயதில் கற்றது.

கற்றுக்கொடுத்தவனும் ரைட்டர்தான். கல் குவாரியில் ஆள் கணக்கு எழுதுகிறவன், அதனால் அந்தப் பேர். என் பேர் கைநாட்டு. சம்பள நோட்டில் கட்டைவிரல் வைத்தே இருபது வருடம் ஓட்டியதால் வந்தது, எழுதப் படிக்கத் தெரிந்த பிறகும் யாரும் மாற்றவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ரைட்டர் வெறும் சிமெண்ட் சாக்கை விரித்துப் பென்சிலால் எழுத்துப் போட்டுக் காட்டுவான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. நான் முதல் வரியை முழுதாகப் படித்த அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

படிக்க வந்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். சோப்பு உறை, லாரி முதுகு, மருந்துச் சீட்டு. ஒரு நாள் அவன் மேசையில் பழைய சம்பள நோட்டுகள் கிடந்தன, அவற்றையும் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குத் தனிக் கூலி என்று மூன்று வருடமாக என் பேரில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் என் கட்டைவிரல் இருந்தது. அப்படி ஒரு கூலி உண்டு என்பதே எனக்குத் தெரியாது. “இங்கயும் ஒண்ணு வைங்கண்ணே, ஆபீசுக்கு” என்பான். வைத்திருக்கிறேன்.

கோபம் வந்ததா என்றால், உடனே வரவில்லை. கல் சில்லு தெறித்துப் பட்டால் முதலில் வலிக்காது, ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். திருடியவன் பெட்டிச் சாவியையும் ஏன் என் கையில் கொடுத்தான் என்பது இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

அந்த வாரம்தான் அவனுக்கு வண்டி ஆசை வந்தது. குவாரிப் பாதைக்குத் தோதாக ஒரு பழைய எண்டியூரோ பைக், பெட்ரோலோடு ஆயிலும் சேர்த்து எரிக்கிற டூ ஸ்ட்ரோக். உயரமான சீட்டு, பல் பல்லாக டயர், மேடு பள்ளத்தில் ஓட்டுவதற்கென்றே செய்தது. ஒரு தையல்கார அம்மாவின் வீட்டில் நின்றது. அவள் அண்ணன் வெளிநாட்டுக்குப் போகும்போது விட்டுப்போனது. நான் இருபது வயதில் டூ ஸ்ட்ரோக் பட்டறையில் வேலை பார்த்தவன். அதனால் என்னைக் கூட்டிப்போனான்.

அவன் உள்ளே வண்டிப் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வெளியே வண்டியைப் பார்த்தேன். ஆயில் டப்பா இருந்தது, அதில் ஆயிலும் இருந்தது. ஆனால் அந்த ஆயிலை இன்ஜினுக்கு அனுப்பும் பம்பைக் கழற்றிவிட்டு, குழாயை போல்ட் வைத்து அடைத்திருந்தார்கள். பெட்ரோல் மூடிக்குப் பக்கத்தில் ஒரு டேப் ஒட்டியிருந்தது. அதில் பேனாவால் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன்: “பம்ப் இல்லை. பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றவும்.” கலக்காமல் ஊற்றினால் பிஸ்டன் காய்ந்து உள்ளேயே பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் ஓட்டத்தில் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

டேப்பை நகத்தால் உரித்துப் பாக்கெட்டிலிருந்த நோட்டுக்குள் வைத்தேன். அப்போது ஒரு முடிவும் எடுக்கவில்லை. பணத்தைப் பற்றி அவனாக வாய் திறந்தால், டேப்பைப் பற்றி நானும் வாய் திறப்பது. அவ்வளவுதான். நியாயமான ஏற்பாடு.

இரண்டு வாரம் அவன் ஊசலாடினான். பழைய இன்ஜின், புகை, கிடைக்காத பாகம் என்று அவனே காரணம் சொல்வான், அவனே தள்ளிவிடுவான். நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன். ஒரு நாள் பேச்சுவாக்கில் விசாரித்தேன்.

“காசு இருக்கா?”

“இருக்குண்ணே.”

“ஏது அவ்வளவு?”

“சிறுகச் சிறுக சேர்த்ததுதான். மலை மாதிரி சம்பளமா வருது நமக்கு?”

சிரித்தான். நானும் சிரித்தேன். இன்னொரு நாள், யாருக்காவது பாக்கி இருந்தால் அதை முடித்துவிட்டு வாங்கு என்றேன். “எனக்கு யாருண்ணே பாக்கி?” என்றான், என் முகத்தைப் பார்த்தே.

கடைசியில் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டான். அவன் பெண்டாட்டிக்கு வண்டி பிடிக்கவில்லை.

“அது வண்டியா ஒட்டகமாண்ணே? ஏறி உக்கார ஏணி வேணும் போல இருக்கு.”

“ஏணி வாங்கித் தரேன், நீ ஏறு” என்றான் ரைட்டர்.

“உங்ககிட்ட யார் பேசினா? அண்ணே, நீங்க சொல்லுங்க. நீங்க சரின்னா எனக்குச் சரி.”

அவன் என்னையே பார்த்தான். பணத்தைப் பற்றிச் சொல்ல நினைத்தால் அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். “என்னண்ணே, வாங்கட்டுமா?” என்று மட்டும்தான் கேட்டான்.

“வாங்கு” என்றேன்.

டாங்கில் பழைய பெட்ரோல் நிறைய இருந்தது, ஆயில் கலந்தது. முதல் வாரம் நன்றாகவே ஓடியது. அது தீர்ந்ததும் பங்கில் வெறும் பெட்ரோல் போட்டான். மறுநாள் சந்தோஷமாக வந்தான்.

“அண்ணே, புகையே இல்ல. டப்பாவுல ஆயில் ஒரு சொட்டு குறையல.”

“நல்ல இன்ஜின், கம்மியாத்தான் குடிக்கும்” என்றேன்.

அன்று மாலையே குவாரி இறக்கத்தில் சக்கரம் பூட்டியது. தூக்கி எறியப்பட்டு, மேலே ஏறி வந்த லாரியின் அடியில் விழுந்தான். உயிர் தப்பியது. இடுப்பு போயிற்று. வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். எழுதுகிற கை.

வண்டியில் நான் ஒரு நட்டைக்கூடத் தளர்த்தவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாளி அறுபதாயிரம் ரூபாய் உதவித்தொகை கொடுத்தார். நெருங்கியவன் என்று என்னிடம்தான் கொடுத்தனுப்பினார். நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கைநாட்டுக்குத் தர வேண்டிய ஞாயிற்றுக்கிழமைக் கூலி நாற்பத்தோராயிரத்து முந்நூற்று ஐம்பதை இதிலிருந்து கொடுத்துவிட்டேன் என்று, ரைட்டர் சொல்வதுபோல, நிறுத்தி நிறுத்தி, பிழையில்லாமல் எழுதியிருந்தேன். தாளை அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவன் படிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

“எங்கண்ணே வைக்கணும்?”

“இங்க ஒண்ணு. ஆபீசுக்கு.”

இடது கட்டைவிரலை நீட்டினான். மை தடவி, நானே பிடித்து அழுத்தினேன். நன்றாகப் பதிந்தது.

மீதிப் பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பதை அவன் பெண்டாட்டி கையில் எண்ணிக் கொடுத்தேன். ஒரு ரூபாய் குறைவில்லை. மொத்தமே அவ்வளவுதான் என்று நினைத்து என்னைக் கும்பிட்டாள். கணக்கு அன்றோடு தீர்ந்தது. ரைட்டரையும் என்னையும் ஒன்றாக எழுதிவிடாதீர்கள், ஐயா. அவன் ஏமாற்றியது படிக்கத் தெரியாத ஒருவனை. நான் கைநாட்டு வாங்கியது படிக்கத் தெரிந்தவனிடம்.