எல்லாப் பெட்டியும் மீடியம்

“இனிமே உலகத்துல எல்லாருமே மீடியம் சைஸ்தானுங்க” என்றார், பொங்கலூர் பேருந்தில் என் முன்சீட்டில் இருந்தவர். பனியன் கம்பெனிகள் இலவசமாகப் பயன்படுத்தும் ஓர் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளோடு சேர்ந்து இயங்கி, பெட்டிகளுக்கு சைஸ் ஸ்டிக்கர் அடிக்கும் எக்ஸ்டென்ஷன் என்ற துணை நிரலை எழுதியவர் அவர். பக்கத்தில் இருந்த பெண்தான் அந்த மென்பொருளைப் பராமரிக்கிறவர் என்பது பேச்சில் தெரிந்தது.

“புது வெர்ஷன்ல சைஸ் எடுக்கற முறையை மாத்திட்டீங்க. என்னோடது எல்லாப் பெட்டிக்கும் மீடியம்னே அடிச்சிருச்சு. மண்ணரை கம்பெனியில பேக்கிங் பண்ணுனதை முழுக்கப் பிரிச்சுட்டு இருக்காங்க.”

“வெர்ஷனோட விட்ட ரிலீஸ் நோட்ஸ்ல முதல் வரியிலயே போட்டிருந்தனுங்களே. எது உடையும், எப்படி மாத்தோணும், எல்லாமே எழுதியிருந்தேன்.”

“படிக்கலீங்க.”

“ஏனுங்க?”

“இத்தனை வருசமா எதை உடைச்சாலும் ‘சிறு திருத்தங்கள்’னு ஒத்தை வரிதானுங்க போட்டீங்க. படிக்கறதையே விட்டுட்டேன்.”

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 

“உங்களுக்காகத்தானுங்க அதை உக்காந்து எழுதுனேன். மத்தவங்கெல்லாம் சலிச்சுப் போயிட்டாங்க. இன்னும் எக்ஸ்டென்ஷன் எழுதறது நீங்க ஒருத்தர்தான்.”

“அப்ப ஒரு போன் பண்ணியிருக்கலாமுங்களே” என்றார் அவர்.