ஆறடி நகர்ந்த பிளாக்மன் சந்து

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அருள்திரு ஹோல்டர் அவர்களே, அன்று அளவுநாடாவோடு வந்து இன்று அன்போடு அமர்ந்திருக்கும் திட்ட அதிகாரி அலீன் அவர்களே, மீன் பொரித்த கையை இன்னும் துடைக்காத தாய்மார்களே, வியாழன்தோறும் என்னைச் சுமந்த தோள்களே! எல்ரிக் கிட்டன்ஸின் வணக்கம்!

சுவருக்கு அந்தப் பக்கம் மேட்டுக் குடியிருப்பு. அங்கே நாய் நடக்கவும் நடைபாதை! இந்தப் பக்கம் பள்ளத்தில் நாம், நம் பிளாக்மன் சந்து. சர்க்கரை நோயில் கால் போன நான் வியாழன்தோறும் புண்ணுக்குக் கட்டு மாற்ற மருத்துவமனைக்குப் போனால், நாற்காலியோடு நால்வர் தூக்க வேண்டும். மழை பெய்தால்? சேறு! தூக்குபவர் வழுக்கினால்? நானும் சேறு! சிரிக்காதே வெரோனா, என் சட்டையைத் துவைத்தது நீதானே?

சாலை கேட்டோம். அலீன் ஐயா வரைபடத்தை விரித்தார். "வண்டி வரப் பன்னெண்டு அடி வேணுங்க. இங்க ஆறுதான் இருக்கு. வீடுங்க மறிக்குதே! அடுத்த திட்டத்துல பாக்கலாம்."

மறிக்கிறதா? வாடகை நிலத்தில் வாழ்ந்த வம்சத்தின் மரவீடுகள் ஐயா அவை! அஸ்திவாரம் ஏது? கல் மேல் உட்கார்ந்திருக்கும். ஆணியைப் பிடுங்கினால் பெயர்ந்துவிடும். வடக்கு வரிசை ஏழு வீடும் ஆறடி பின்னால் போனால் போதும். ஆனால் சந்து முனையில் முதல் வீடு கத்பர்ட் இயர்வுட்டுடையது. சீமைப்பலா மரத் தகராறில் என்னோடு நாலு வருடம் பேசாதவர். என் நாற்காலியின் முன்காலைப் பிடிப்பவரும் அவரே, பேசாமலே தூக்குவார்! அவர் வீடு அசையாவிட்டால் சந்து அசையாது. சந்து முழுக்க இதே பேச்சு, ஆனால் அவரிடம் யார் கேட்பது? நான் கேட்கவில்லை. எனக்கு வெட்கம் இருக்காதா?

அடிமை விடுதலை நாள் விடிந்தது. டொக், டொக் என்று சத்தம். எட்டிப் பார்த்தால், கத்பர்ட் தன் வாசற்படியைப் பேர்த்துக்கொண்டிருக்கிறார்!

"என்னய்யா பண்றே?" என்றேன்.

"உன்னத் தூக்கித் தூக்கி என் தோளு போச்சுய்யா. வீட்டத் தூக்குறது அதவிட லேசு!"

நாலு வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு! அழுதுவிட்டேன், அவையோரே, மறைக்க மாட்டேன். பலகை பலகையாய்ப் பிரித்தோம், பாட்டுப் பாடிப் பொருத்தினோம். பொழுது சாயுமுன் ஏழு வீடும் நகர்ந்து, ஏழு அடுப்பும் எரிந்தன. அடுத்த வாரம் அலீன் ஐயா நாடா பிடித்தார். பன்னிரண்டேகால்! "என் படம்தாங்க தப்பு," என்றார். தாரும் விழுந்தது.

திட்டம் தீட்டுவோரே, தாளில் கோடு போடுமுன் தெருவில் கால் வையுங்கள்! வீட்டை எண்ணுகிறீர்களே, வீட்டில் இருப்பவரைக் கேட்டீர்களா? மேட்டுக்கு மூன்று சாலை, பள்ளத்துக்கு ஒன்றுமில்லை என்றால் அது நகரமா?

இன்று என் வாசலிலேயே காரில் ஏறி வந்தேன். மனம் நிறைந்திருக்கிறது. ஆனால் இந்த மேடைக்கு ஏழு படி வைத்துவிட்டீர்களே! என்ன கத்பர்ட், என்ன சொல்கிறீர்? "பேசினது போதும், இறங்குய்யா, தூக்கணும்ல!" கேட்டீர்களா? ஏற்றியவரும் அவர்தான், இறக்கப்போகிறவரும் அவர்தான். அலீன் ஐயா, சாய்தளம் ஒன்று குறித்துக்கொள்ளுங்கள். அது வரும்வரை இந்தத் தோள் வாழ்க! உங்கள் அனைவருக்கும் என் நன்றி, வணக்கம். வாரும் கத்பர்ட், பிடியும்.