படி இல்லாத வண்டி

இல்லண்ணே, அது உங்களுக்குச் சரிப்படாது. ரெண்டு ரூம் வண்டி அது. ரோடு போடற எடத்துக்கு, ஷூட்டிங்குக்கு அனுப்பறது. முந்நூறு பேர மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டுட்டு இத மைதானத்துல நிறுத்துனீங்கன்னா, மேடைய விட இங்கதான் கூட்டம் நிக்கும். போட்டோக்காரர் ஆளக் காணோம்னு கேமராவத் தூக்கிட்டு இங்கயே வந்துடுவாரு.

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

உக்காருங்க. அதுல வேணாம், அது கால் ஆடற நாற்காலி. இதுல உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா? தைரியமா குடிங்க. கக்கூஸ் வண்டி வாடகைக்கு விடற எடத்துல உக்காந்துக்கிட்டு தண்ணி குடிக்க யோசிச்சா எப்படி?

சரி, யார் யார் வராங்க சொல்லுங்க. தலைக்கணக்கு வேணாம், அத சமையல்காரருக்கு வச்சுக்குங்க. எனக்கு வேற கணக்கு. பொம்பளைங்க எத்தன பேரு? பாதிக்கு மேலயா? பாத்தீங்களா, அத மொதல்லயே சொல்லல. ஆம்பளைங்க நீங்க போன வேகத்துல திரும்பி வந்துடுவீங்க. தரையக் கூட்டற மாதிரி உடுத்திட்டு வர்றவங்களுக்கு உள்ள நின்னு திரும்பறதுக்கே எடம் வேணும். அப்பறம் சின்னப் பிள்ளைங்க. அவசரம் அவசரம்னு ஓடி வரும், உள்ள போனதும் பைப்பத் தொறந்து விட்டு வெளையாடும். ஜூஸ் குடுப்பீங்கல்ல? சாயங்காலம் பூரா குடுப்பீங்களா? குடுங்க குடுங்க. அங்க நீங்க ஊத்தறது எல்லாம் கடைசில எங்கிட்டதான வந்து சேரும்.

அப்ப நாலு ரூம் வண்டியா? இப்பதான் வழிக்கு வந்தீங்க. அதோ நிக்குது பாருங்க, வெள்ளையா. கண்ணாடி, ஏசி, கை கழுவ தனித்தனி எடம், எல்லாம் இருக்கு. ஏறித்தான் பாருங்களேன்.

மெல்ல. பாத்தீங்களா, கம்பியப் புடிச்சீங்க. மூணே படிதான், ஆனா சக்கரத்து மேல நிக்கற வண்டி, ஒவ்வொரு படியும் ஒசரம். உங்களுக்கே கம்பி வேண்டியிருக்கு. ஒத்துக்க மாட்டேங்கறீங்க, சரி, விடுங்க.

எறங்கி வாங்க. மூலைல நிக்கற பச்ச வண்டியப் பாருங்க. ஏன் மூஞ்சிய அப்படி வச்சிக்கிறீங்க? கலர் நல்லால்லதான். எங்க வீட்டுக்காரரு ஆசையா எடுத்த கலரு, நானும் இத்தன வருஷமா பொறுத்துக்கிட்டுதான் இருக்கேன். ஆனா அந்த வண்டி, கொண்டு போய் நிறுத்தின எடத்துல தரையோட தரையா எறங்கி உக்காந்துடும். படியே கெடையாது, சரிவா ஒரு பலகதான். ரூமும் அதே நாலுதான். ஒன்னுக்கு மட்டும் கதவு அகலம், உள்ள ரெண்டு பக்கமும் கம்பி. தொணைக்கு ஒருத்தர் கூடவே போயி நிக்கலாம்.

அப்படி யாரும் உங்க வீட்ல இல்லங்கறீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க மாமனாரு கம்பு ஊனித்தான் நடக்கறாரு, ஆனா கெத்து விடாம ஏறிடுவாருங்கறீங்க. சரி. உங்க பக்கத்துல?

ஒரே அக்காவா? உங்கள வளத்தவங்களா? வரமாட்டாங்களா, ஏன்?

ஓ, கோபமா. நேர்ல போய்க் கூப்பிட்டும், வீட்ட யாரு பாத்துக்கறதுன்னுட்டாங்களா. உங்க பையன் கல்யாணத்துல மேடைக்கு சம்பந்திய மொதல்ல கூப்பிட்டுட்டு அக்காவ அப்பறமா கூப்பிட்டீங்க, அத மனசுல வச்சிருக்காங்க. அப்படின்னு அக்கா சொன்னாங்களா? சொல்லலல்ல? நீங்களா நெனச்சீங்க, வீட்டம்மா ஆமாம்னாங்க, முடிஞ்சது. இப்ப உங்களுக்கும் ரோஷம் வந்து போன் பண்றத நிறுத்திட்டீங்க. ரோஷமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அக்கா இல்லாம எம்பொண்ணு கல்யாணமான்னு சொல்றப்ப கொரல் ஏன் கம்முது?

அந்தக் கல்யாணத்துல அக்கா சாப்பிடாமலே கெளம்பிட்டாங்கல்ல?

எனக்கு எப்படித் தெரியும்னா, உங்க பொண்ணு இருக்குல்ல, அது உங்களுக்குத் தெரியாம அத்தைகிட்ட பேசிட்டுதான் இருக்கு. அப்பா இன்ன எடத்துலதான் வண்டி எடுக்கப் போறார்னு சொல்லியிருக்கு. முந்தாநாள் எனக்கு ஒரு போனு. எந்தம்பி வருவான்னாங்க. வண்டிக்கு எத்தன படின்னு கேட்டாங்க. மூணுன்னேன். அப்பறம், கம்பி ரெண்டு பக்கமும் இருக்கான்னாங்க. ஒரு பக்கம்தான்னேன். சரிம்மா, வச்சிடறேன்னாங்க. நான் விடல.

முட்டி மடங்க மாட்டேங்குதாம்ணே. அடக்கவும் முடியலையாம். உங்க பையன் கல்யாணத்துக்கு அன்னிக்குக் காலைலேந்து ஒரு வாய் தண்ணி குடிக்காமத்தான் வந்திருக்காங்க. அப்பவும் முடியல. அங்க கக்கூஸுக்கு ஏறற படிய நிமிந்து பாத்துட்டு, அப்படியே ஆட்டோ புடிச்சு வீட்டுக்குப் போயிட்டாங்க. மேடையில யார யார் மொதல்ல கூப்பிட்டாங்கன்னு அவங்க பாக்கவே இல்லண்ணே. இத தம்பிகிட்ட எப்படிம்மா சொல்றது, கோபம்னே நெனச்சுட்டுப் போகட்டும்னாங்க. சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வேற வாங்கிட்டாங்க.

அதனால நான் ஒன்னும் சொல்லல, சரியா? இப்ப போன் பண்ணுங்க. உடம்பு எப்படியிருக்குன்னு நோண்டாதீங்க. அசிங்கமா ஒரு பச்ச வண்டி மாட்டிக்கிச்சு, படிகூட கெடையாதுன்னு பேச்சுவாக்குல பொலம்புங்க. அவ்வளவுதான். மிச்சத்த அவங்களே புரிஞ்சிப்பாங்க.

ஒன்னே ஒன்னு. யார் கண்ணுலயும் படாம மைதானத்துக் கடைசில நிறுத்தணும்னு வந்ததும் சொன்னீங்கல்ல, அது வேணாம். அக்கா எங்க உக்காருவாங்கன்னு மட்டும் காட்டுங்க, நானே வந்து பக்கத்துல நிறுத்தித் தரேன்.

அந்தத் தண்ணிய முழுசாக் குடிச்சிட்டு பேசுங்கண்ணே. கொரல் இன்னும் சரியாகல.